மொட்டைமாடியில் தேனீ வளர்க்கலாமா?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கங்களில் அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. ஒரு நாள் காலையில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ, மூன்றாம் மாடி சன்ஷேடிலோ கறுப்பாக ஒரு முறம் தொங்கும். சில நாள்களுக்கு முன் அது அங்கே இருந்ததில்லை. உற்று நோக்கினால் அந்த முறத்தின்மேல் நீரலைபோல் ஏதோ ஓடி மறைவது தெரியும். "தேன்கூடு!" என்று யாரோ குரல் கொடுக்க, அரை மணி நேரத்தில் கீழே ஒரு கூட்டமே கூடிவிடும்.

கூடியவர்கள் மூன்று கட்சியாகப் பிரிவார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டார், "இன்றைக்கே தீப்பந்தம் காட்டி எரித்துவிட வேண்டும்" என்பார்கள். வயதில் மூத்தவர்கள், "தேனீ வந்து தங்கினால் வீட்டுக்கு நல்லது, விட்டுவிடுங்கள்" என்பார்கள். இயற்கை வேளாண்மையில் ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர், "ஒரு பெட்டி வாங்கி இதை அதற்குள் குடியேற்றினால் நமக்குச் சுத்தமான தேன் கிடைக்குமே" என்பார். இம்மூவரில் யார் சொல்வது சரி? அங்கே தொங்குவது எந்தத் தேனீ என்று தெரியாமல் இதற்கு விடை கூற முடியாது.

நம் பகுதியில் காணப்படும் தேனீக்கள் ஒரே இனம் அல்ல. தொட்டிக்கடியில் முறம்போல் தொங்குவது மலைத்தேனீ. இது திறந்த வெளியில் ஒரே ஓர் அடையை மட்டும் கட்டும். அந்த அடை ஒரு மீட்டர் அகலம்கூட இருக்கும். மேற்பரப்பில் ஓடும் அலை, பல தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கிக் காட்டி எதிரியை மிரட்டும் செயலாகும். செம்பருத்திப் புதரிலோ வேலிக் கிளையிலோ உள்ளங்கை அகலத்தில் ஓர் அடை கட்டுவது கொம்புத்தேனீ. இதுவும் ஒற்றை அடைதான். மரப்பொந்து, சுவர்ச் சந்து, பழைய மீட்டர் பெட்டி போன்ற இருட்டான இடங்களில் பல அடைகளை ஒன்றுக்கொன்று இணையாகக் கட்டுவது இந்தியத் தேனீ. அடுக்குத்தேனீ என்ற பெயர் அதற்குப் பொருத்தமாக அமைந்துள்ளது. சுவர் வெடிப்பிலிருந்து குழல்போல் பிசின் வாயில் நீட்டிக்கொண்டிருந்தால், உள்ளே இருப்பது கொடுக்கில்லாத கொசுத்தேனீ. இவை தவிர, 1960-களில் வட இந்தியாவில் நிலைபெறச் செய்து பின்னர் எங்கும் பரவிய இத்தாலியத் தேனீ ஒன்று உண்டு. அது வளர்ப்பவரின் பெட்டிகளில்தான் காணப்படும்.

பெட்டி என்பது என்ன? இருட்டான ஒரு பொந்து. ஆகவே பொந்தில் பல அடை கட்டும் பழக்கமுள்ள இந்தியத் தேனீயும் இத்தாலியத் தேனீயும் அதில் குடியிருக்கும். வெளிச்சத்தில் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் குடியிருக்கமாட்டா. எனவே நம் இளைஞரின் எண்ணம் நிறைவேறாது. தீப்பந்தக்காரர் சொல்வதோ அதைவிட ஆபத்தானது. மலைத்தேனீ சீண்டப்பட்டால் நூற்றுக்கணக்கில் துரத்திக் கொட்டும். தப்பிய தேனீக்கள் மறுநாளும் அதே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். பூக்கும் பருவம் முடிந்ததும் மலைத்தேனீ தானாகவே அடையை விட்டு வேறிடம் பெயர்ந்துவிடும் இயல்புடையது. அதுவரை அந்தப் பக்கத்து சன்னலைச் சாத்தி வைத்து, இரவில் அங்கே விளக்கைக் குறைத்துக்கொண்டால் போதும். இத்தேனீ நிலவொளியிலும் மேயும். ஆகவேதான் குழல்விளக்கைக் கண்டு வீட்டுக்குள் வந்து விழுகிறது. தேனீக்கள் போனபின் வெற்றடையைச் சுரண்டி எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு அதே இடத்துக்கு வரும் வாய்ப்பு குறையும். மூத்தவர்கள் சொன்னது சரிதான். சொன்ன காரணம் மட்டும் வேறு.

சில வேளைகளில் அடையே இல்லாமல், வெறும் தேனீக்கள் மட்டும் மரக்கிளையிலோ தெருவிளக்குக் கம்பத்திலோ கொத்தாகத் தொங்குவதுண்டு. இது கூட்டம் பிரிந்து வந்த குடி. பழைய இராணி பாதிப் படையுடன் புது வீடு தேடிப் புறப்பட்டு, வழியில் இளைப்பாறுகிறது. காக்க வேண்டிய புழுவும் தேனும் அதனிடம் இல்லை. வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறது. ஆகவே இந்நிலையில் அது பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும்.

இக்கொத்து என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை 1949-இல் கண்டறிந்தவர் மார்ட்டின் லிண்டவர் என்ற செருமானிய அறிஞர். தேனீக்களின் நடனத்தைப் படித்தறிந்ததற்காகப் பின்னர் 1973-இல் நோபெல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷின் மாணவர் அவர். போரில் குண்டு விழுந்து இடிந்து கிடந்த மியூனிக் நகரில், ஒரு புதரில் தொங்கிய தேனீக் கொத்தை அவர் கவனித்தார். அதன்மேல் சில தேனீக்கள் நடனமாடின. பூவிலிருந்து வந்த தேனீயானால் உடலில் மகரந்தம் ஒட்டியிருக்க வேண்டும். இவற்றின் உடலிலோ கரியும் செங்கல் தூளும் ஒட்டியிருந்தன! இவை உணவு தேடிப் போனவை அல்ல, புகைபோக்கிகளிலும் இடிந்த சுவர்களிலும் வீடு பார்த்துவிட்டு வந்தவை என்று லிண்டவர் ஊகித்தார். ஒவ்வொரு தேனீயும் தான் கண்ட இடத்தின் திசையையும் தூரத்தையும் ஆடிக் காட்டுகிறது. முதலில் பல இடங்களுக்காகப் பல நடனங்கள் நடக்கின்றன. சிறுகச் சிறுக மற்றவை அடங்கி, ஓர் இடத்துக்கான நடனமே எஞ்சுகிறது. உடனே கொத்து முழுவதும் எழுந்து அவ்விடம் நோக்கிப் பறக்கிறது. இதற்குச் சில மணி நேரமும் ஆகலாம், ஓரிரு நாளும் ஆகலாம். லிண்டவர் பின்னர் இலங்கைக்கும் வந்து நம் நாட்டு மூவகைத் தேனீக்களின் நடனங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார்.

ஆகவே தெருவில் தொங்கும் கொத்து இந்தியத் தேனீயுடையதாக இருந்தால், பயிற்சி பெற்றவர் அதைப் பெட்டியில் இறக்கலாம். மற்றவர்கள் குழந்தைகளை அப்பால் அழைத்துக்கொண்டு, அது வீடு பார்த்துப் போகும்வரை பொறுத்திருக்கலாம்.

இனி பெட்டிக்கு வருவோம். 1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஒரு சிறிய உண்மையைப் பயன்படுத்திக்கொண்டார். அடைகளுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், தேனீ அதை நடைபாதையாக வைத்துக்கொள்ளும். அகலம் கூடினால் அங்கும் ஓர் அடையைக் கட்டிவிடும். குறைந்தால் பிசின் வைத்து அடைத்துவிடும். இந்த 'தேனீச் சந்து' சரியாக இருந்தால், மரச்சட்டத்தில் கட்டிய அடையைப் புத்தகத்தின் தாளைப் புரட்டுவதுபோல் தனித்தனியே தூக்கிப் பார்க்கலாம். அதற்கு முன்பெல்லாம் தேன் எடுப்பதென்றால் அடையைப் பிய்த்து, புழுவும் முட்டையும் சேர்த்துப் பிழிவதுதான்.

மேனாட்டுப் பெட்டி நம் இந்தியத் தேனீக்குப் பெரிது. உடலும் சிறிது, கூட்டமும் சிறிது. இதற்கேற்பச் சிறிய பெட்டியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் வடிவமைத்தவர் நியூட்டன் என்ற பாதிரியார். 1911 முதல் 1917 வரை அவர் பலருக்குப் பயிற்சியும் அளித்தார். 'நியூட்டன் பெட்டி' இன்றும் தமிழ்நாட்டில் வழக்கில் உள்ளது. கீழே புழு அறை, மேலே தேன் அறை என இரண்டு தளங்கள். புழு அறையில் இராணி முட்டையிடுகிறது. மேல் அறையில் சேர்வது உபரித் தேன். நாம் கைவைக்க வேண்டியது மேல் அறையில் மட்டுமே.

1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், தேனீ வளர்ப்பை அங்குள்ள ஏழைக் குடும்பங்களின் வீட்டுத் தொழிலாக்கினார். சொற்பொழிவைவிடச் செய்து காட்டுவதில் அவருக்கு நம்பிக்கை அதிகம். ஒரு வீட்டுத் தோட்டத்தில் பெட்டி திறக்கப்படும்போது அக்கம்பக்கத்தார் நின்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் அடுத்த பெட்டியை வைத்தார்கள். அன்று திருவிதாங்கூரில் இருந்த அப்பகுதி இன்று கன்னியாகுமரி மாவட்டம். இன்றும் தமிழ்நாட்டில் தேன் என்றதும் மார்த்தாண்டம் நினைவுக்கு வருகிறது. அங்கு கிடைக்கும் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்தே வருவதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இரப்பர் மரத்தில் புதுத் தளிர் விடும் காலத்தில் இலைக்காம்பிலுள்ள சுரப்பிகள் இனிப்பு நீரைச் சுரக்கின்றன. தேனீக்கள் அதைத்தான் திரட்டுகின்றன.

1991-92-இல் இந்தத் தொழிலுக்குப் பேரிடி விழுந்தது. தாய்லாந்தில் 1976-இல் முதலில் காணப்பட்ட ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியாவை எட்டியது. கூட்டுப்புழுவாகும் முன்பே புழுக்கள் நீர் நிறைந்த பைகளாகி இறந்தன. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. வெற்றுப் பெட்டிகளுடன் நின்ற பலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். வைரஸுக்கு மருந்து கிடையாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். அப்போது கைகொடுத்தவை நோயைத் தாக்குப்பிடித்து உயிர் பிழைத்த சில கூட்டங்கள்தான். அவற்றைத் தேர்ந்து பெருக்கியே இந்தியத் தேனீ வளர்ப்பு மீண்டும் தலையெடுத்தது.

இயற்கை முறைத் தேனீ வளர்ப்பு என்பதன் உட்பொருளை இந்நிகழ்ச்சி நன்றாகக் காட்டுகிறது. நோய் வந்தபின் மருந்து ஊற்றுவதைவிட, நோய் தாங்கும் கூட்டத்தை வளர்ப்பது அதன் முதல் விதி. இன்னொரு சான்றும் உண்டு. உலகெங்கும் இத்தாலியத் தேனீயை வாட்டும் 'வரோவா' என்னும் உண்ணியின் பூர்விக வீடு நம் கீழை நாட்டுத் தேனீயின் கூடுதான். ஆனால் நம் தேனீ அதனுடன் வாழப் பழகிவிட்டது. உண்ணியை ஒன்றன் உடலிலிருந்து மற்றொன்று கவ்வி எடுக்கிறது. உண்ணியும் ஆண் தேனீயின் புழுவறையில் மட்டுமே பெருகுகிறது. இத்தாலியத் தேனீயின் கூட்டிலோ பணித் தேனீயின் புழுவறையிலும் பெருகிக் கூட்டத்தையே வீழ்த்துகிறது. அதனால்தான் அங்கு உண்ணிக்கொல்லி மருந்து தேவைப்படுகிறது. மருந்தில்லாமல் வளர்க்க விரும்புகிற ஒருவர் நாட்டுத் தேனீயைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. தேன் குறைவாகத்தான் கிடைக்கும். நல்ல சூழலில் ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ வரை வரலாம். இத்தாலியத் தேனீ இதைப்போல் மூன்று நான்கு மடங்கு தரும். இந்தப் பேராசையை விட முடியாதவர்கள் மொட்டைமாடியில் தொடங்காமலிருப்பது நல்லது.

பெட்டிக்குள் செய்ய வேண்டிய மற்றவை எளியவை. பெட்டியின் கால்களை நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கறுத்துப்போன பழைய அடைகளை அகற்றி, அடிப்பலகையைத் துடைத்து வந்தால் மெழுகுப் பூச்சி பெருகாது. அதற்காக அந்துருண்டை போடுவது தேனுக்குள் நஞ்சை ஏற்றுவதாகும். நோய் வருமுன் காப்பதாக எண்ணி நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சர்க்கரைப் பாகில் கலந்து ஊட்டும் பழக்கம் நம் நாட்டுத் தேனுக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்தது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேனை வாங்க மறுத்ததற்கு இத்தகைய மருந்து எச்சங்களும் ஒரு காரணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேனீ வெளியே போக இயலாது. அப்போது உண்பதற்குத் தேவையான தேனை அதற்கே விட்டுவைக்க வேண்டும். பட்டினி நேர்ந்தால் தேன் அறையை நீக்கிவிட்டுச் சர்க்கரைப் பாகு வைக்கலாம். தேன் அறை இருக்கும்போது வைத்தால் பாகே தேனாக நம் சீசாவுக்கு வந்து சேரும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்துவிட்டால் 'இயற்கைத் தேன்' என்று சீட்டு ஒட்டிவிடலாமா? இங்கேதான் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பூவில் சுரக்கும் இனிப்பு நீரான மதுரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு நீர் என்று கொள்வோம். தேனில் இருபது பங்குக்கு மேல் நீர் இருக்கலாகாது. அப்படியானால் ஒரு கிலோ தேனுக்கு ஏறக்குறைய 2.7 கிலோ மதுரம் வேண்டும். ஒரு தேனீ ஒரு நடைக்கு 25 மில்லிகிராம் சுமக்கிறது என்றால், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட நடைகள்! இந்த நடைகள் எங்கே போய் வருகின்றன? இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் மேய்கிறது. தென்னிந்தியத் தேனீக்களின் நடனங்களை அளந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டுகிறது. ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 3.14 சதுர கிலோமீட்டர், அதாவது 314 ஹெக்டேர். நம்முடைய பெட்டி இருப்பதோ ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில். மீதி அத்தனையும் பிறருடைய மரம், பிறருடைய மாடித்தோட்டம், பிறருடைய கடை, பிறருடைய சாக்கடை.

இயற்கை முறைத் தேனுக்கான ஐரோப்பியச் சட்டம் இன்னும் கடுமையானது. பெட்டியைச் சுற்றி 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள மேய்ச்சல் பெரும்பாலும் இயற்கை முறைப் பயிராகவோ காட்டுச் செடியாகவோ இருக்க வேண்டும் என்கிறது. அந்த வட்டத்தின் பரப்பு 28 சதுர கிலோமீட்டர். ஆவடி மாநகராட்சி முழுவதுமே ஏறக்குறைய 65 சதுர கிலோமீட்டர்தான். ஆவடி இரயில் நிலையத்தை மையமாக வைத்து அவ்வட்டத்தை வரைந்தால் கிழக்கே அண்ணனூரும் மேற்கே இந்துக் கல்லூரி நிலையமும் அதற்குள் அடங்கிவிடும். அத்தனை வீட்டாரும் கடைக்காரரும் இயற்கை முறைக்கு மாறினாலொழிய அந்தச் சீட்டு நமக்குக் கிடைக்காது. புறநகரில் 'இயற்கை முறையில் வளர்த்தேன்' என்று சொல்லலாம். 'இயற்கைத் தேன்' என்று சான்று கூறி விற்பது சரியன்று என்பதே என் கருத்து.

இதனால் மனம் தளர வேண்டியதில்லை. ஆவடி தேனீக்கு வறண்ட ஊரும் அல்ல. பங்குனி, சித்திரையில் வேம்பும் நாவலும் புங்கமும், அடுத்து புளியும் பூக்கின்றன. தென்னை ஆண்டு முழுவதும் மகரந்தம் தருகிறது. வேலியோரக் கொடிரோஜா, பாத்தியிலுள்ள துளசி ஆகியவையும் உண்டு. 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை முதலான பாதுகாப்புத் துறை வளாகங்களில் பெரிய மரங்கள் நிறைய உள்ளன. வாயிலில் நம்மிடம் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். தேனீயிடம் கேட்பாரில்லை.

ஆனால் வட்டத்துக்குள் பூக்கள் மட்டுமா இருக்கின்றன? 2011-இல் 'கரண்ட் சயின்ஸ்' என்ற ஆய்விதழில் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். காப்பிக்கடை, பழச்சாற்றுக்கடை போன்ற ஐந்து கடைகளில் குடித்து எறியப்பட்ட காகிதக் குவளைகளை அவர்கள் நாள்தோறும் எண்ணிப் பார்த்தார்கள். குவளையின் அடியில் தங்கிய இனிப்பைத் தேடி வந்து, அதில் மூழ்கி இறந்த தேனீக்கள் முப்பது நாளில் 25,211. சராசரியாகக் கடை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 168 தேனீக்கள்! ஓர் இந்தியத் தேனீக் கூட்டத்தின் மொத்தத் தொகையே சில ஆயிரங்கள்தான் என்பதை நினைத்தால் இதன் கொடுமை விளங்கும். பிளாஸ்டிக் பூசிய குவளைகள் உட்படப் பல பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் தடை செய்தது. இருந்தும் தெருமுனைக் கடையைச் சென்று பாருங்கள். குவளையைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துப் போடுவதும், தொட்டிக்கு மூடி போடுவதும் பெரிய விஞ்ஞானம் அல்ல. கடைக்காரரிடம் ஒருமுறை இறந்த தேனீக்களைக் காட்டிப் பேசினால் போதும், பெரும்பாலோர் கேட்பார்கள்.

மாடித்தோட்டக்காரர் இன்னொருவர். அவருடைய பூசணியும் பாகலும் வெள்ளரியும் பிஞ்சிலேயே வெம்பி உதிர்வதாக வருந்துவார். இச்செடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைக் கொண்டு சேர்க்க ஒரு பூச்சி வராவிட்டால் பிஞ்சு நிற்காது. அதே நண்பர் வெள்ளை ஈயைக் கண்டதும் காலை எட்டு மணிக்குப் பூச்சிமருந்தைத் தெளிப்பார். பூ விரிந்திருப்பதும் தேனீ வந்திருப்பதும் அந்த நேரந்தான்! வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில், பூ மூடிய பின், இலையின் அடிப்புறத்தில் தெளித்தால் இருவருக்கும் கேடில்லை. தென்னையில் வெள்ளை ஈக்காக வேர் வழியே நஞ்சைச் செலுத்துவோரும் உண்டு. நஞ்சு மரமெங்கும் பரவும்போது தேனீ நம்பியிருக்கும் மகரந்தத்தை மட்டும் விட்டுவிடுமா? மஞ்சள் ஒட்டுப்பொறியும், நீரைப் பீய்ச்சி இலையைக் கழுவுவதும், இயற்கையாக வரும் ஒட்டுண்ணிக் குளவிகளும் அங்கு போதும் என்பதே வேளாண் பல்கலைக்கழகத்தின் அறிவுரை.

கொசுப்புகை விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். கொசுவைக் கொல்லும் புகை தேனீயையும் கொல்லும். அதற்காக டெங்கு பரவும் தெருவில் "என் தேனீக்காகப் புகை அடிக்காதீர்கள்" என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. பொழுது சாய்ந்தபின் தேனீக்கள் கூடு திரும்பிவிடும். எந்த நாளில் புகை வண்டி வரும் என்று முன்கூட்டியே கேட்டறிந்து, அன்று மாலை பெட்டி வாயிலில் ஈரச் சாக்கைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துவிடலாம். தேங்கிய நீரை அகற்றுவதில் தேனீ வளர்ப்பவர் தெருவுக்கே முன்னோடியாக இருந்தால் புகையின் தேவையும் குறையும்.

அண்டை வீட்டாருக்கு நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. பெட்டி வைக்கும் முதல் நாளே, கூழாங்கல் பரப்பிய அகன்ற தட்டில் நீர் வைத்துவிட வேண்டும். ஒருமுறை பக்கத்து வீட்டுக் குழாயடியைப் பழகிவிட்டால் தேனீயைத் திருப்புவது கடினம். வாயில், பிறர் துணி உலர்த்தும் பக்கம் நோக்கியிருக்கக் கூடாது. எதிரே தட்டி ஒன்று நிறுத்தினால் தேனீ தலைக்கு மேலே எழும்பிப் பறக்கும். சித்திரை வெயிலில் நம் ஊர் மொட்டைமாடி அடுப்பாகிவிடும். கீற்றுக் கொட்டகை நிழல் இல்லாத இடத்தில் பெட்டி வைத்தால் மெழுகு இளகும், கூட்டம் ஓடிப்போகும்.

கொட்டிவிட்டால் என்ன செய்வது? பணித் தேனீயின் கொடுக்கில் எதிர்முள் உண்டு. அது நம் தோலிலேயே தங்கி, நச்சுப்பை சுருங்கிச் சுருங்கி நஞ்சை உள்ளே செலுத்தும். எந்த விதமாக எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதே முக்கியம். கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாசனை போன்ற ஒரு மணம் எழும். அது மற்ற தேனீக்களுக்கு அபாய அறிவிப்பு. ஆகவே அங்கேயே நின்று கையை வீசாமல், வீட்டுக்குள் சென்று அவ்விடத்தைக் கழுவ வேண்டும். புகைப்பானின் புகை இந்த மணத்தைத்தான் மறைக்கிறது. மூச்சுத்திணறல், முகம் வீங்குதல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் கை வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இத்தகைய ஒவ்வாமை உள்ளவர் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருந்தால், அந்த மாடியில் பெட்டி வேண்டாம். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

அறைகளில் முக்கால் பங்குக்கு மேல் மெழுகு மூடியிட்ட அடையிலிருந்தே தேன் எடுக்க வேண்டும். மூடாத அடையில் நீர் மிகுதி, தேன் புளித்துவிடும். முதல் அறுவடையில் ஒரு கரண்டியாவது பக்கத்து வீடுகளுக்குப் போகட்டும். "இது அசல்தானா?" என்ற கேள்வி உடனே வரும். நீரில் விட்டால் கரையக் கூடாது, எறும்பு மொய்க்கக் கூடாது, நாய் நக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லப்படும் சோதனைகள் எதையும் மெய்ப்பிக்கமாட்டா. உறைந்து கற்கண்டுபோல் ஆவதும் கலப்படத்தின் அடையாளமன்று. குளூக்கோஸ் மிகுந்த தேன் இயல்பாகவே உறையும். இன்னொன்றையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுவைக்கும் சேனை வழக்கம் நம்மிடம் உள்ளது. தேனில் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் உயிரோடிருக்கக்கூடும். பெரியவர்களுக்கு அவற்றால் தீங்கில்லை. ஆனால் சிசுவின் குடலில் அவை முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். ஒரு வயது நிரம்பும்வரை குழந்தைக்கு எந்தத் தேனும், எவ்வளவு அசலான தேனும், கொடுக்கலாகாது.

பெட்டியைத் திறக்கக் கற்பது புத்தகத்தால் ஆகாது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேனீ வளர்ப்புப் பயிற்சி அளித்து வருகிறது. திருவள்ளூர் மாவட்டத்துக்கென்று திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. அங்கும் விசாரிக்கலாம்.

அதற்கு முன் பணமே செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. பள்ளி மாணவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் இன்னும் நன்றாகச் செய்யலாம். உங்கள் வீட்டை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் வட்டத்தைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு திசையாக நடந்து சென்று, என்ன மரங்கள் நிற்கின்றன, எங்கே தேனீ நீர் குடிக்கிறது, எத்தனை தேநீர்க் கடைகள், எத்தனை மாடித்தோட்டங்கள் என்று குறியுங்கள். எந்த மாதம் எது பூத்தது என்பதைத் தனியே பன்னிரண்டு கட்டங்களில் எழுதுங்கள். ஓராண்டு முடிவில் எந்தக் கட்டங்கள் வெறுமையாக உள்ளன என்று பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் என்றால் இரண்டு பெட்டிகளுடன் தொடங்கலாம். ஒன்று நலிந்தால் மற்றதிலிருந்து ஓர் அடை கொடுத்துத் தேற்றலாம். பல கட்டங்கள் வெறுமையாயிருந்தால் பெட்டிக்கு வைத்த பணத்தில் சில புங்கங்கன்றுகளை வாங்கித் தெருவில் நடுங்கள். ஐந்தாறு ஆண்டுகளில் அவை பூத்துவிடும்.